உள்ளே வராதவன் வெளியே போவது எப்படி

என் வாய்தான் எனக்கு எதிரி. ஆபீஸ் கேன்டீனில் மதுரைக்கார நண்பன் வழக்கம்போல ஆரம்பித்தான்: "உங்க ஊர்ல ஏறி இறங்குறதுக்கு ஃபிளைஓவரைத் தவிர என்னடா இருக்கு?" எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. பாரிவாக்கத்தில் பிறந்து வளர்ந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஏரிக்கரையில் ஆரம்பித்துக் கால்வாய்க்கரையைப் பிடித்தால் அடுத்த ஏரி வரைக்கும் பனைமரங்களுக்கு நடுவிலேயே நடக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வாங்கடா, காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கரையில் நான் கால் வைத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. அதை மட்டும் சொல்லவில்லை.

நாயையும் சேர்த்து மூன்று பேர் வந்தார்கள். மதுரைக்காரன், எங்கள் டீமில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண், அவள் வளர்க்கும் லேப்ரடார். வானகரத்தில் எட்டாவது மாடியில் ஏசியில் வளர்ந்த நாய், நல்ல கொழுகொழு. காலை ஏழரைக்கு ஏரிக்கரை ஜோராகத்தான் இருந்தது. நீர்க்காகம் ஒன்று இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மதுரைக்காரன் செல்ஃபியாக எடுத்துத் தள்ளினான். ஏரியை வெட்டியதே நான்தான் என்பதுபோல முன்னால் நடந்தேன்.

கால்வாய்க்கரையில் பிடித்தது சனி. ஒரு மணி நேரத்தில் பனைமரங்கள் நின்றுபோயின. இடது பக்கம் சாக்கடையாகிவிட்ட கால்வாய், வலது பக்கம் புதிதாய் முளைத்த நீள மதில், நடுவில் ஒற்றை ஆள் போகிற கரை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரும் தீர்ந்துவிட்டது. "இன்னும் எவ்வளவு தூரமுங்க?" என்று அவள் கேட்கக் கேட்க, தோ வந்தாச்சு, தோ வந்தாச்சு என்று நானும் புளுகிக்கொண்டே போனேன். அந்த நேரம் பார்த்துப் பின்னாலிருந்து ஆறேழு தெருநாய்கள். தங்கள் எல்லைக்குள் புது நாய் வந்த ஆத்திரத்தில் குரைத்துக்கொண்டு ஓடி வந்தன. மதிலில் ஓரிடத்தில் கல் பெயர்ந்து ஓட்டை இருந்தது. நாயைத் தள்ளிவிட்டு நாங்களும் நுழைந்தோம். அந்தப் பக்கம் ஆளுயரப் பள்ளம். தொப்பென்று விழுந்தோம். திரும்பி ஏறலாம் என்றால், அந்த நாயைத் தூக்க ஒரு கிரேன்தான் வர வேண்டும்.

எழுந்து பார்த்தால் புல்தரை, நீச்சல்குளம், வரிசையாக அடுக்குமாடி. எங்கே வந்து விழுந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டை நோக்கி நடந்தேன்.

"எந்த பிளாக்கு அண்ணாத்தே?" என்றான் கேட்டில் இருந்த செக்யூரிட்டி.

"எந்த பிளாக்கும் இல்லப்பா. வெளிய போவணும், தொற."

அவன் கையிலிருந்த டேப்லெட்டைத் தடவிப் பார்த்தான். "நீ உள்ள வந்ததாவே இதுல இல்லியே. உள்ள வராத ஆளை நான் எப்டி வெளிய உடுறது?"

"செவுத்துல ஓட்டை கீது, அது வழியா வந்தோம்."

"திருடன் வர்ற வழியா வந்தேன்னு நீயே சொல்ற. போன வாரம்தான் இங்க சைக்கிள் ஒண்ணு காணாமப் போச்சு. இது யாரூட்டு நாயின்னு எனக்கு இன்னா தெரியும்? உட்டுட்டா என் வேல போயிடும்."

கத்தினேன், கெஞ்சினேன். அவன் அசையவில்லை. இதற்குள் நாய் டைல்ஸ் தரையில் பொத்தென்று படுத்துவிட்டது. செக்யூரிட்டியே பதறி மக்கில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான். அது மூக்கைக்கூட நீட்டவில்லை. "மூச்சு ஒரு மாதிரி வருதுங்க, உடனே டாக்டர்கிட்ட போகணுமுங்க" என்று அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இங்க குடியிருக்கறவங்க யாராச்சும் வந்து, எங்க ஆளுங்கதான்னு கையெழுத்து போட்டா உட்டுடுறேன். யாரையாச்சும் தெரியுமா?" என்றான்.

தெரியும். சி பிளாக் மூன்றாவது மாடியில் என் அக்கா இருக்கிறாள். இந்தக் கட்டடங்கள் நிற்பது எங்கள் நிலத்தில். விற்றது அண்ணனும் நானும். பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவள் அக்கா. எழுதி வாங்கியவர்கள் நாங்கள். அதோடு பேச்சு நின்றது. "எங்க நெலத்துல எனக்கும் நாலு செவுரு கீதுன்னு இருக்கட்டும்" என்று பேங்க் லோன் போட்டு இங்கேயே ஒரு வீடு வாங்கினாள் என்று ஊரில் சொன்னார்கள். கிரகப்பிரவேசத்துக்கு அவள் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் எந்த முகத்தோடு போவேன்?

நாயைப் பார்த்தேன். வீட்டு நம்பரைச் சொன்னேன். செக்யூரிட்டி இன்டர்காமை எடுத்து, "யாருன்னு சொல்றது?" என்றான். இரண்டு நண்பர்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தெரிஞ்சவர்னு சொல்லு" என்றேன். சீ, இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

அக்கா நைட்டியில் துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். நேராக நாயிடம் போய் உட்கார்ந்து, அந்தத் துண்டை நனைத்து அதன் வயிற்றில் போட்டாள். யாருக்கோ போன் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் காரை எடுத்து வந்தார். நாயும் கோயம்புத்தூர்ப் பெண்ணும் அதில் டாக்டரிடம் போனார்கள். நாய் பிழைத்துவிட்டது, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

செக்யூரிட்டி நோட்டை நீட்டினான். "இங்க ஒரு கையெழுத்து மேடம்."

"எங்க? படிச்சுப் பாக்கணுமா, இல்ல காட்ற எடத்துல போட்டுட்டுப் போய்க்கினே இருக்கணுமா?"

அவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். என் தலை தானாகக் குனிந்தது. போட்டுவிட்டு நோட்டை அவனிடமே திருப்பினாள்.

"உறவு இன்னா மேடம்? அந்தக் கட்டம் காலியா கீது."

"தெரிஞ்சவர்னுதான சொன்னாரு? அதையே எழுதிக்கோ."

அவன் எழுதினான், கேட்டைத் திறந்தான். திரும்பிப் பார்த்தேன், லிஃப்ட் பக்கம் போய்விட்டிருந்தாள்.

ரோட்டுக்கு வந்ததும் மதுரைக்காரன் என் தோளில் தட்டினான். "தங்கமானவங்கடா. யாருடா அந்த அக்கா?"

"அக்காடா" என்றேன்.

"அக்காதான், அது தெரியுது. யாருன்னு கேட்டேன்" என்றான்.