குறுக்கே ஓடும் இழைகள்

பாகூர் செல்வகுமாரிக்கு ஆய்வகத்தில் வேலை என்றதும், ரத்தம் எடுக்கிற வேலை என்றே ஊர் முடிவு கட்டிவிட்டது. அவள் பார்த்த வேலையே வேறு. எலிக்குட்டியின் மூளையை மெல்லிய வில்லையாக நறுக்கி, தட்டில் சத்துநீர் விட்டு உயிரோடு வைத்திருப்பார்கள். அதில் சில நரம்பணுக்களுக்குச் சாயமேற்றினால், அவற்றின் இழைகள் கிளைவிட்டு ஓடுவது திரையில் தெரியும். அவற்றை மௌஸால் வரைந்துகொடுக்க வேண்டும்.

ஒரு வகை அணு இழையை நெடுந்தூரம் அனுப்பும், கிளை குறைவு. இன்னொரு வகை பக்கத்திலேயே புதராக மண்டும். செல்வகுமாரியின் படங்களிலோ எல்லாமே புதர். ஆய்வகத் தலைவர் டாக்டர் லில்லி தலையைப் பிய்த்துக்கொண்டார். செல்வகுமாரியின் ஒப்பந்தம் முடிகிற மாதம் வேறு. படம் தேறினால்தான் வேலை நீளும்.

ஞாயிற்றுக்கிழமை கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போனாள். கணவன் புகழ்வேந்தன், பக்கத்து நிலத்து வாய்க்காலுக்கு அடியில் புதிதாகக் குழாய் பதித்திருந்தான்.

"ரெண்டும் கலந்துடாதா?"

"அது மேல போவுது, இது கீழ போவுது. எப்படிடி கலக்கும்?"

செல்வகுமாரிக்கு ஆய்வகத் திரை நினைவுக்கு வந்தது. தொட்டுக்கொண்டால் கலந்துவிடும் வாய்க்கால்களையே பார்த்து வளர்ந்தவள். திரையிலும் இரண்டு இழை குறுக்கிட்ட இடத்திலெல்லாம் கிளை என்று குறித்துத் தள்ளியிருந்தாள். பழக்கம் பொல்லாதது.

மறுநாள் போய்ச் சொல்லிவிட்டாள்.

"மூணு மாச வேலை போச்சே! மௌஸ் சக்கரத்த உருட்டி, எது மேல எது கீழன்னு ஆழம் பாக்கச் சொன்னேனா இல்லியா?" என்று லில்லி சீறினார்.

"சொன்னீங்க மேடம். தொட்டா கிளைதான்னு நெனச்சிட்டேன்."

எல்லாவற்றையும் மறுபடி வரையச் சொன்னார். ஒப்பிட்டுப் பார்க்க, அதே படங்களைத் தனியாக வரையச் சொல்லிப் பக்கத்து இருக்கை டேனியலிடமும் கொடுத்தார். நியாயந்தான். ஆனாலும் செல்வகுமாரிக்குச் சுருக்கென்று தைத்தது.

முடிந்ததும் இருவர் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார் லில்லி. நெடுந்தூர வகையில் புதர் போயே போய்விட்டது. கோடுகள் ஒத்துப்போயின, ஓரிடம் தவிர. அங்கே டேனியல் கிளை போட்டிருந்தான், இவள் போடவில்லை. லில்லி சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். ஒரே ஆழம்; நிஜமான கிளைதான். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேரவில்லை.

"பயந்துட்டியா?"

"பயந்துட்டேன் மேடம்."

லில்லி மௌஸை அவள் பக்கம் தள்ளினார். "நீயே போடு. அடுத்த வாரம் புதுத் தட்டு வருது. லீவு கீவுன்னு வந்து நிக்காத."

செல்வகுமாரி அந்தக் கிளையைப் போட்டாள். கண்ணில் நீர் முட்டித் திரை மங்கியதால், இரண்டு தரம் போட வேண்டியிருந்தது.