சபீனாவா, சமீனாவா?

பல் கட்டும் வேலையில், வாயைத் திறக்கச் சொன்னால் வீட்டுக் கவலையையும் சேர்த்தே திறப்பார்கள். இதே வேலையில் கிடந்து கஷ்டப்படுகிற உங்களுக்கு இது புதிதல்ல.

மூக்கால் வந்த தேத்தண்ணி

மருதமுனைக் கரீம் இடுப்பில் கட்டும் கைத்தறிச் சாரம் விற்கிறவர். புற்றுநோய் என்று அவருடைய மேல்தாடையில் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். அண்ணத்தில் ஓட்டை. குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது, பேச்சும் அப்படித்தான். 'ப' சொன்னால் 'ம' என்று கேட்டது.

மூத்த மகள் சபீனாவுக்கு நிக்காஹ் பேசியிருந்தார்கள். இளையவள் சமீனா. பேரைச் சொல்லி மகளைக் கொடுப்பது வாப்பாவின் பொறுப்பு. நிக்காஹ் நடத்தும் லெப்பையைச் சொல்ல வைக்கலாமே என்றேன். கரீம் தலையை ஆட்டி மறுத்தார். அவர் மனைவி என்னை அண்ணனாக்கிச் சொன்னார்: "மத்த எல்லாத்தையும் விட்டுட்டார் காக்கா. இத மட்டும் எண்ட வாயாலதான் சொல்லுவன் எண்டு நிக்கிறார்."

கண்ணாடி

ஓட்டைக்குள் புகுந்து அடைக்கும் குமிழோடு, அண்ணத்தில் மாட்டும் ஒரு தட்டுச் செய்தேன். குமிழ் கனத்தால் தட்டு விழும். அதனால் உள்ளே வெறுமையாக விட்டேன். மாட்டிய பின் மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்து, "பாப்பா" சொல்ல வைப்பேன். ஆவி படிந்தால் காற்று ஒழுகுகிறது. ஒழுகும் இடத்தில் சேர்த்து, உறுத்தும் இடத்தில் அராவி, மறுபடியும் பாப்பா. கண்ணாடி துலக்கமாக இருந்த அன்று கரீம் சொன்னார்: "இனிப் பாப்பா சொல்ல ஏலா காக்கா. ஒரு பிளேன்டீ தாங்க."

ஒரு பாய்

தட்டைக் கழற்றிக் கழுவ வைத்திருந்த நேரம் கடல் ஊருக்குள் வந்தது. மனைவியையும் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியவருக்குத் தட்டு நினைவில் இல்லை. நால்வரும் உயிரோடு பள்ளிக்கூட முகாமில் சேர்ந்தார்கள். பாய் கொடுத்தவர் மகள்மாரின் பேரைக் கேட்டாராம். "சமீனா, சமீனா" என்றிருக்கிறார் கரீம். பாய் கொடுத்தவர் ஒன்றை மட்டும் நீட்டினார்: "ஒரே புள்ளய ரெண்டு தரம் சொல்லாதீங்க. சனம் மிச்சம் இரிக்கி."

சாவடியில்

என் பட்டறைக்குள்ளும் தண்ணீர் புகுந்து பழைய அச்சு உடைந்திருந்தது. முகாமுக்கே போய்ப் புதிதாக அச்செடுத்து, அதில் சாந்து வார்த்து எடுத்த வாய் உருவைத் துவாயில் சுற்றி, சைக்கிளில் திரும்பினேன். சோதனைச் சாவடியில் துவாயைப் பிரித்த சிப்பாய், அண்ணத்தில் இருந்த பள்ளத்தைக் கண்டு திகைத்தான். தன் கைபட்டு உடைந்துவிட்டதாக நினைத்தான் போலும். பழையபடி சுற்றித் தந்துவிட்டு, அரைகுறைத் தமிழில் சொன்னான்: "ஐயா, நான் உடைக்க இல்ல. மெதுவாத்தான் தொட்டது."

நிக்காஹ்

பாதிக் கூரை போட்ட வீட்டில்தான் நிக்காஹ். புதுத் தட்டை மாட்டிக்கொண்டு கரீம் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். நிமிர்ந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாய் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். "எண்ட மகள்" என்று தொடங்கி ஒருமுறை நிறுத்தினார். பிறகு உதடு இரண்டையும் அழுத்தி மூடித் திறந்து, "சபீனாவ" என்றார். 'ப' 'ப'வாகவே விழுந்தது. திரைக்குப் பின்னால் இளையவள் அக்காவிடம் சொல்வது கேட்டது: "அல்ஹம்துலில்லாஹ்! ராத்தா, நான் தப்பிட்டன்."

பல் கட்டுகிறவனின் வேலை சரியாக இருந்தால் அது யார் கண்ணிலும் படாது என்பதால், ஒரே சஹன் தாம்பாளத்தில் என்னோடு சோறு தின்றவர் நான் யாரென்று கேட்டபோது, மாப்பிள்ளை பக்கத்து ஆள் என்று சொல்லிவிட்டு இறைச்சித் துண்டை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.