திரை முழுக்க நீலம்

கரண்ட் திரும்பி வந்துவிட்டது. ஆழ்கடலுக்குப் போன அப்பாவின் போட் மட்டும் வரவில்லை. புயல் ஓய்ந்த முட்டம் கடற்கரையில் எங்கள் வீடு நிறைய ஆட்கள். அம்மா மற்ற பெண்களோடு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. யாரும் என்னிடம் ஒன்றும் சொல்லாததால், பழைய லேப்டாப்பைத் திறந்து நானே செய்தி தேடினேன். கவிழ்ந்த படகுகளின் படங்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் அப்பாவின் போட்டைத் தேடினேன்.

சித்தப்பா பின்னால் வந்து நின்றார். அப்பாவின் தம்பி, நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். விண்டோஸ் தாங்காத அந்த லேப்டாப்பில் லினக்ஸ் போட்டுத் தந்தவர் அவர்தான். படங்களைப் பார்த்தார். என்னை நகர்த்தி உட்கார்ந்து எதையோ இறக்கினார். அது எமுலேட்டர், பழங்காலக் கம்ப்யூட்டர் ஒன்றைப் போலவே நடிக்கும் மென்பொருள்.

முதலில் சின்ன நீலக் கட்டமாகத்தான் திறந்தது. அதன் ஓரங்களில் படகுப் படங்கள் எட்டிப் பார்த்தன. முழுத்திரைக்கு மாற்றினால் படம் நடுவில் தபால்தலை போல நின்றது. பிடிவாதமாக அமைப்புகளைத் திருத்தித் திருத்தித் திறந்தார். கடைசியில் நீலம் நான்கு மூலைக்கும் பரவியது. கடிகாரம்கூட மறைந்துபோயிற்று.

"செய்தி எங்க சித்தப்பா?"

"இதுல நெட் கெடையாது மக்கா. இது நான் பொறக்கதுக்கு முந்தி உள்ள கம்ப்யூட்டர். நாம சொல்லுகத மட்டுந்தான் கேக்கும்."

அப்படியே நம்பினேன். பந்து சுவரில் மோதித் திரும்பும் ஒரு விளையாட்டுக்கான புரோகிராமை அவர் வரிவரியாகச் சொல்ல, நான் தட்டினேன். காற்புள்ளி ஒன்று விட்டுப்போனாலும் அது பிழை என்று மறுக்கும். ஒருமுறை அவர் சொன்ன வரியிலேயே தப்பைக் கண்டுபிடித்தேன்.

"ஏட்டி, எனக்கே படிப்பிச்சுத் தாறியா!" என்று சிரித்தார். அந்த வீட்டில் அன்று சிரித்தவர்கள் நாங்கள் இருவர்தான். ஒரு குழந்தையைப் பயத்திலிருந்து இப்படியும் தூக்கிக் காப்பாற்றலாம் என்று கண்டுபிடித்த அந்த மனிதருக்கு நான் என்ன கைம்மாறு செய்துவிட முடியும்!

மறுநாள் மாலையும் தட்டிக்கொண்டிருந்தோம். அவருடைய போன் அடித்தது. காதில் வைத்தார். அப்படியே கீபோர்டின் மேல் நெற்றியைக் கவிழ்த்தார். நெற்றி அழுத்திய ஏதோ ஓர் எழுத்து, திரை முழுக்க ஓடி நிரம்பியது. என் வரிகளெல்லாம் மேலே ஏறி மறைந்தன. அவர் முதுகு குலுங்கியது.

பாவமாக இருந்தது. முதுகில் கைவைத்து, "அழாதேயும் சித்தப்பா. நான் மறுபடி அடிச்சுத் தாறேன்" என்றேன்.

அவர் காதோடு ஒட்டியிருந்த போனில் யாரோ, "ஏலே, கேக்குதா? ஏலே!" என்று இரைச்சலுக்கு நடுவே கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். லட்சத்தீவில் கரையேறி, யாரிடமோ போன் வாங்கிப் பேசும் அப்பாவின் குரல் அது என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தனை நாளும் கடலில் இருந்தவர் சித்தப்பாவுக்கும் அண்ணன் என்பது பிடிபட, இன்னும் பல வருடங்கள் ஆயின.