குளிசைக்கு முந்திய மனிதர்

என் கணவர் மனச்சோர்வுக்குக் குளிசை எடுக்கத் தொடங்கி மூன்று மாதமாகியும் தேறவில்லை. அழுகை நின்றது, அதன் இடத்தில் எரிச்சல் வந்தது, நித்திரை போனது. குளிசையைக் கூட்டச் சொல்லத்தான் அவரோடு கிளினிக்குக்குப் போனேன். டொக்டரோ அவரைப் பார்த்து, “வருத்தம் வாறதுக்கு முந்தி, சின்ன வயசில இருந்து உங்கட குணம் எப்பிடி?” என்று கேட்டார்.

முந்திக்கொண்டு பதில் சொன்னது நான். “வாயத் திறந்தா முத்து உதிர்ந்திடும் டொக்டர். பத்தொன்பது வருசமா ஒரு சத்தம் போட்டதில்ல.”

“அதுக்கு முந்தி?”

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வருவதற்கு முன் எப்படி இருந்தார் என்று நான் கேட்டதே இல்லை. அவரோ குளிசை அட்டையை மடித்து விரித்துக்கொண்டிருந்தார். சிலருக்கு இயல்பிலேயே மனம் ஏறி இறங்கும், அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் குளிசை மட்டும் கொடுத்தால் ஒத்துவராமல் போகலாம், வளர்த்தவர்களைக் கேட்டு வாருங்கள் என்றார் டொக்டர்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அன்றைக்கே அவர் பிறந்து வளர்ந்த மருதமுனைக்குப் போய், அவருடைய அக்காவை, ராத்தாவைப் பிடித்தேன். அவர் சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது.

“ஆரு, எங்கட தம்பியா அமைதி? பத்து நாளைக்கு ஆளப் பிடிக்க ஏலாது புள்ள. தறி நெய்வான், மீனுக்குப் போவான், ஊரெல்லாம் கதைப்பான். பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும் சுவரப் பாத்துப் படுத்திருவான், சோறும் வேணாம். மாப்பிள்ளையாப் போகக்குள்ள உம்மாதான் சொல்லி அனுப்பின, அங்க அடக்கமா இரி மகன் எண்டு.”

முதலில் எனக்கும் சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கொப்பித் தாளில் எழுதி டொக்டரிடம் கொடுத்தேன். அவர் குளிசையைக் கூட்டவில்லை. மெல்லக் குறைத்து வேறு மருந்து தொடங்கினார். சில வாரங்களில் நித்திரை திரும்பியது. ஒரு காலை, பிளேன்டிக் கோப்பையோடு, என் கணவர் பாட்டொன்றை முணுமுணுத்தார். அவர் பாடுவார் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

“இதெல்லாம் ஏன் எனக்கு ஒருநாளும் காட்டல்ல?” என்று கேட்டேன்.

கோப்பையைக் கீழே வைத்தார்.

“இது உங்கட ஊடுதானே புள்ள,” என்றார். “வந்த இடத்தில எப்பிடிச் சத்தம் போடுற?”