விதைச்சாமை ஏந்திய கை

நான் மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரனுங்க. பேரு வேல்முருகன். மரவள்ளிக்கிழங்கு ஏத்த நெதமும் மலைக்கு பிக்கப் வண்டி ஓட்டுறவன். மலைக்காரங்க சூதுவாது தெரியாதவங்கன்னு கீழே எல்லாரும் பேசுவாங்க. இப்பெல்லாம் அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. இருசாயியம்மாவுக்கு நடந்ததைப் பார்த்தவன் நானு.

மலைமேலே நாலஞ்சு ஊரு சேர்ந்தா அதை ஒரு நாடும்பாங்க. அந்தம்மா பொறந்தது தேவனூர் நாடு. குண்டூர் நாட்டுப் பொன்னனுக்கு வாக்கப்பட்டு வந்துச்சு. "அது ஊரு தள்ளி வெச்ச குடும்பம், யோசிச்சுக்கோங்க"ன்னு அப்பவே சொன்னாங்களாம். வரிசையா பொட்டப்புள்ளையாப் பெத்து வெச்சிருந்த அவங்கப்பன் என்னத்தை யோசிப்பான்? கட்டிக் குடுத்துட்டான். வந்த நாள்லருந்து ஊத்துல மத்தவங்க தண்ணி மோந்துட்டுப் போன பொறகுதான் இது குடத்தை வைக்கோணும். நோம்பிக்குத் தனி அடுப்பு. கண்ணாலம் காட்சிக்கு ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. அவங்க ஊட்டுல எழவு வுழுந்தா ஊர்க்காரன் எவனும் பாடைக்குத் தோள் குடுக்க மாட்டான்.

அப்படி என்னதான் பண்ணினாங்கன்னு கேளுங்க. பொன்னனோட அப்பா செங்கோடன், நாப்பத்திரண்டுல, ஒரு உண்மையைச் சொல்லிப்போட்டாரு. அவ்வளவுதான்.

அப்ப வெள்ளைக்காரன் ஆட்சி. காட்டைச் சுத்திக் கல்லு நட்டு, இதுக்கு மேலே எல்லாம் சர்க்காருதுன்னுட்டான். பாட்டன் பூட்டன் சாமை வெதைச்ச சரிவுல கால் வெச்சா அபராதம். ஆடு நுழைஞ்சா பட்டியில அடைச்சுப்போடுவான். சனங்க வயிறெரிஞ்சு கெடந்தாங்க. வெள்ளையனே வெளியேறுன்னு கீழே ஊரெல்லாம் கொந்தளிச்ச நேரத்துல, தந்திக் கம்பியை அறுத்துப்போட்டுட்டு ஒரு இளவட்டம் ஒத்தையடிப் பாதையில மேலே ஓடியாந்தான். யாரு எவருன்னு கேக்காம ஊரே சேர்ந்து அவனைப் பலாத்தோப்புக் குடிசையில ஒளிச்சு வெச்சுது. முறை போட்டுக் களி கொண்டுபோய்க் குடுத்தாங்க.

போலீசு வந்துச்சு. அடிச்சாங்க, கூரையைப் பிரிச்சாங்க. ஒருத்தனும் வாயைத் தொறக்கலை. வந்த இன்ஸ்பெக்டரு வெள்ளைக்காரன் இல்லீங்க, நம்ம ஆளுதான், அதனாலதான் அவனுக்கு விசயம் தெரிஞ்சிருக்கு. அந்த ஊருல ஒரு வழக்கம். வெதைக்குன்னு எடுத்து வெச்ச சாமையைக் கையில ஏந்திக்கிட்டுப் பொய் சொன்னா அந்த வருசம் ஊருக்கே முளைக்காது. கேட்டதுக்கு வாய் மூடி நின்னாலும் பொய்க்குச் சமந்தான். இன்ஸ்பெக்டரு வெதைக்கூடையைக் கொண்டாரச் சொன்னான். ஆம்பளைங்களை வரிசையா நிறுத்தி, முதல் ஆளு கையை ரெண்டு போலீசை விட்டு விரிக்கச் சொல்லி, ஒரு பிடி கொட்டினான். முதல்ல நின்னவரு செங்கோடன்.

"சொல்லு, எங்க இருக்கான்?"

செங்கோடன் அழுதுக்கிட்டே பலாத்தோப்பைக் காட்டினாரு. இளவட்டத்தைக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க. ஜெயில்லயே செத்துட்டான் பாவம்.

அன்னைக்கே செங்கோடனை ஊரு தள்ளி வெச்சிருச்சு. கோவம் இருக்கும், சரி. ஆனா அதே கூடைச் சாமையைத்தான் அடுத்த மழைக்கு எல்லாரும் வெதைச்சாங்க. முளைச்சுது, வெளைஞ்சுது, தின்னாங்க. அதை மட்டும் எவனும் பேச மாட்டான். ஆகஸ்ட் பதினஞ்சுக்குப் பள்ளிக்கூடத்துல கொடியேத்திட்டு ஊர்ப்பெரியவரு குழந்தைசாமி, "சுதந்திரத்துக்குப் போராடினவரைக் காப்பாத்தின ஊரு நம்மூரு, ஒருத்தன்தான் காட்டிக்குடுத்தான்"ன்னு மைக்குல பேசுவாரு. பொன்னனும் இருசாயியும் கேட்டுக்கு வெளியே நின்னு கேட்டுட்டு ஊட்டுக்குப் போவாங்க.

போன ஆடியில பொன்னனுக்கு மூச்சுத் திணறி, என் வண்டியிலதான் நாமக்கல்லுக்குக் கொண்டுபோனோம். மகன் பிரேம் கட்டட வேலையிலருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டான். மலை இறங்குறப்ப வளைவுக்கு வளைவு பொன்னனுக்கு ஒரே பேச்சு. "ஏனுங்க வேலு, எங்கப்பனுக்குத் தோள் குடுக்க ஆளில்லாம நானும் எங்காத்தாளும் போர்வையில கட்டி இழுத்துட்டுப் போனோம். தலை கல்லுல இடிச்சுக்கிட்டே வந்துச்சு. நான் ஊர்க்காரங்க தோள்ல போகோணும்."

இருசாயியம்மா அவர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "நான் பாத்துக்கறேனுங்க"ன்னுச்சு.

அந்த வாரமே மனுசன் பொணமாத்தான் திரும்பினாரு. ரோடு ஊர் மந்தையோட முடிஞ்சிரும். இடுகாட்டுக்குச் சரிவுல நடந்துதான் போகோணும். நானும் பிரேமும் மந்தையிலயே பாடை கட்டினோம். ஆம்பளைங்க அத்தனை பேரும் சுத்தி நின்னு வேடிக்கை பார்த்தாங்க. ஒருத்தனும் கிட்ட வரலை.

இருசாயியம்மா அழுகலை. விறுவிறுன்னு ஊட்டுக்குப் போயி ஒரு துணி முடிச்சோட வந்துச்சு. குழந்தைசாமி முன்னால நின்னு அவிழ்த்துச்சு. வெதைச்சாமை.

"ஐயா, எங்க மாமனாருக்கு அடுத்தாப்புல நின்னவரு உங்கப்பாரு. இதைக் கையில ஏந்துங்க. 'எங்கப்பன் முதல்ல நின்னிருந்தாப் பொய் சொல்லியிருப்பாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா எங்கூட்டுக்காரரை நானே இழுத்துட்டுப் போறேன். சொல்ல முடியலைன்னா வந்து தோள் குடுங்க."

"எழவு நேரத்துல என்ன பேச்சு இருசாயி இது?"

"வேற எப்பங்க கேக்க உட்டீங்க?"

குழந்தைசாமி அந்தச் சாமையையே பார்த்தாரு. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டாரு. அந்தம்மா அடுத்த ஆளுகிட்டப் போச்சு. அவன் கையைத் துண்டுக்குள்ள சுருட்டிக்கிட்டான். அடுத்தவன் போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிட்டான். இப்படியே வரிசை முடியுற வரைக்கும் போச்சு. பொய் சொல்ல ஒருத்தனுக்கும் தைரியமில்லை. அப்பவும் எவனும் பாடைகிட்ட வரலை.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். "அடப் பாவிகளா! அவர் பண்ணினதைத்தானேடா நீங்களும் பண்ணியிருப்பீங்க!"ன்னு கத்திப்போட்டேன்.

"நீ கீழ்நாட்டுக்காரன். உன் வண்டியைப் பாரு"ன்னாரு குழந்தைசாமி, என் முகத்தைப் பார்க்காம.

பிரேம் முன்னால தூக்கினான். பின்னால ஒரு பக்கம் நானு, மறுபக்கம் இருசாயியம்மா. "பொம்பளை இடுகாட்டுக்குப் போகக் கூடாது"ன்னு பின்னாலருந்து ஒருத்தன் சத்தம் போட்டான். த்தூ! அதுக்கு மட்டும் வாய் வந்துச்சு பாருங்க. அந்தம்மா திரும்பிக்கூடப் பார்க்கலை. தோள் ஏறுமாறா இருந்ததுல பாடை ஒருக்களிச்சு ஒருக்களிச்சு வந்துச்சு. ரெண்டு எடத்துல வழுக்கினோம். ஆனா தலை கல்லுல இடிக்கலை.

நானும் பிரேமுமா வெட்டின குழிக்குள்ள இறக்கின பொறகுதான் ஞாபகம் வந்துச்சு, வாய்க்கரிசி போட ஊர் சனமும் இல்லை, அரிசியும் கொண்டாரலை. இருசாயியம்மா மடியிலருந்த வெதைச்சாமையை எடுத்து அவர் வாயில போட்டுச்சு. போட்டுட்டு, ஊட்டுல பக்கத்துல உக்காந்து பேசுறாப்புல மெதுவாச் சொல்லுச்சு.

"உங்கப்பன் மேல தப்பில்லீங்க. சாமைக்கு ஒருத்தனும் கை நீட்டலை. தோளுந்தான் குடுக்கலை."