முப்பத்தாறு அடிச் சரிவு

ஒருவருக்காக வாசல் வரைந்தவன், அது யாருக்கு என்று சொல்லக் கூச்சப்பட்டால், அந்த வாசல் யாருடையது? அழகியநம்பியின் வாழ்க்கையை நினைக்கும்போது இந்தக் கேள்விதான் மிஞ்சுகிறது.

நாஞ்சில் நாட்டிலிருந்து திருவனந்தபுரம் வந்து, மராமத்து அலுவலகம் ஒன்றில் கட்டிடப் படம் வரைந்துகொண்டிருந்தார். சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் வாடகை வீடு. கூட இருந்தது அக்கா உலகம்மை மட்டும். ஐந்து வயதுக் காய்ச்சலில் அவளுக்குக் கால்கள் சூம்பிவிட்டன. உருளை வைத்த பலகையில் உட்கார்ந்து, இரு கைக்கட்டைகளால் தரையை உந்தி நகர்வாள். படி வந்தால் யாராவது தூக்க வேண்டும். நாற்பது வயதுக்குமேல் அதற்கும் அவள் இணங்கவில்லை.

"என்னைச் சாக்குமூட்டை மாதிரி எறக்கி வைக்காதலே" என்றுவிட்டாள். அன்றிலிருந்து வெளியே போகவில்லை.

1951இல் கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு வாசகசாலை கட்ட உத்தரவாயிற்று. பெண்களுக்குத் தனி மேசை உண்டு என்று நம்பி சொன்னதும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"படி எத்தனை?"

"ஆறு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நம்பி கொல்லையில் பலகைகளைச் சாய்த்து வைத்து அவளை ஏறச் சொன்னார். செங்குத்தாக இருந்தபோது அவளுடைய உருளைப் பலகை பின்னால் உருண்டது. சரிவை இன்னும் தணித்தார். பன்னிரண்டடிக்கு ஓரடி உயரம் என்றால், மூச்சு வாங்காமல், யார் கையும் படாமல் ஏறினாள். வாசகசாலைத் தரை மூன்றடி உயரம். ஆக, முப்பத்தாறு அடி.

படத்தைப் பார்த்த என்ஜினீயர் சேஷன் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன ஓய், முன்வாசல்லே இவ்வளவு நீளமா? ஆனையை எழுந்தருளப் பண்ணப் போறீரா?"

அறையே சிரித்தது. எங்கள் அக்கா வருவாள் என்ற சொல் நம்பியின் வாய்வரை வந்து திரும்பிப் போயிற்று.

"அலமாரி ஏத்த சௌகரியமா இருக்கும் சார்."

"அப்போ செரி" என்று சேஷன் கையெழுத்துப் போட்டார்.

வாசகசாலை திறந்த நாலாம் நாள் உலகம்மை புதுச்சேலை கட்டிக்கொண்டு புறப்பட்டாள். நம்பி தொடாமல் பின்னால் நடந்தார். கட்டிடத்தின் முன்னால் அவள் பலகை நின்றது. சரிவு முழுவதும் செருப்புகள். அடியிலிருந்து உச்சிவரை ஜோடி ஜோடியாக. அவற்றைக் கழற்றியவர்கள் படியேறி உள்ளே போயிருந்தார்கள்.

காவல்காரர் வேலப்பன் ஓடி வந்தார். "அலமாரி எல்லாம் உள்ள போயாச்சே சாரே. இனி சும்மா கெடக்குத எடம்தானே? இதுல ஆளு கேறும்னு ஆரும் பறையல்லியே!"

நம்பி குனிந்தார். இரண்டு கையாலும் பிறர் செருப்புகளை எடுத்து ஓரமாக வைக்கத் தொடங்கினார். வராந்தாவில் படித்துக்கொண்டிருந்தவர்களின் பத்திரிகைகள் தாழ்ந்தன.

"வேய், அந்தப் புதுசு நம்மளோடது. பாத்து எடும்!" என்று ஒரு குரல்.

"போதும்லே நம்பி" என்றாள் உலகம்மை. "அடுத்தவன் செருப்பை எடுக்கவா உன்னைப் படிக்க வச்சாங்க?" பலகையைத் தானே திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் மெல்லக் கேட்டாள்: "யாருக்குன்னு அங்க சொன்னியா?"

நம்பி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு புத்தகங்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். "படிச்சாச்சு" என்று தவணைக்குள் திருப்பித் தருவாள். அவர் முதல் பக்கத்தில் வைத்த அடையாள நூல் அங்கேயே கிடக்கும்.

அவரைத் தைரியசாலி என்று சொல்ல முடியாது. கோடு சுத்தமாகப் போடுவார், அவ்வளவு சொல்லலாம்.

1956இல் ஒரு தர்ம ஆஸ்பத்திரிக்குப் படம் கேட்டார்கள். செருப்புக் கதை எப்படியோ சேஷன் காதுக்கு எட்டியிருந்தது. அவரே நம்பியின் மேசைக்கு வந்தார்.

"முன்வாசல்லே உம்ம சரிவைப் போடும் ஓய். யாருக்குன்னு இந்தத் தடவை நானே ஃபைல்லே எழுதறேன்."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. நம்பி தலையசைத்தார்.

மறுநாள் மாலை படம் சேஷன் மேசைக்குப் போயிற்று. முன்வாசலில் ஏழு படிகள் இருந்தன. சரிவு இல்லை.

"ஏன் ஓய்?" என்றார் சேஷன்.

உலகம்மை அப்போது உயிரோடுதான் இருந்தாள். அன்று தன் வாயால் சொல்லாததை இன்னொருவர் ஃபைலில் எழுத, அந்தக் கோட்டைப் போடக் கை வரவில்லை. நம்பி பேனா முள்ளைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.