ஏசி மாட்ட வந்தவரின் மதியத் தூக்கம்

எங்கள் ஆபீஸ் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பழைய மில் பங்களா. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஓட்டுக்கூரை. அதற்குக் கீழே சுவரைச் சுற்றி எட்டு வெண்டிலேட்டர்.

"அதையெல்லாம் செங்கல் வெச்சு அடைச்சுப்போட்டு ரெண்டு ஏசி மாட்டிரலாம் அம்மணி" என்றார் முதலாளி நேற்று.

பல வருஷமாக மூடிக்கிடந்த அவற்றைப் போன வாரம்தான் நானும் அக்கவுண்டன்ட் அக்காவும் ஏணி போட்டு ஏறி, கீலுக்கு எண்ணெய் விட்டுத் திறந்திருந்தோம்.

இன்று மதியம் அளவெடுக்க ஏசிக்காரர் வந்தார். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். "பெஞ்சில உக்காருங்க, இப்ப வந்துருவாருங்க" என்றேன்.

முதலாளி திரும்பி வந்தபோது, மனுஷன் அளவு டேப்பைக் கையில் பிடித்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

தட்டி எழுப்பினோம். பதறிப்போய் எழுந்தார்.

"மன்னிச்சுக்கோங்க. காத்து சிலுசிலுன்னு வந்துச்சுங்களா, அப்படியே கண்ணு அசந்துபோச்சுங்க."

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து வெண்டிலேட்டரைப் பார்த்தார்.

"ஏனுங்க, காப்பி குடிச்சுப்போட்டுக் கெளம்புங்க. ஏசி வேண்டாமுங்க."

இதை எழுதும் இந்த நிமிஷம், அதே பெஞ்சில் முதலாளி தூங்கிக்கொண்டிருக்கிறார். வெளியே ஒரு பார்ட்டி காத்திருக்கிறது. எழுப்பட்டுமா, நீங்களே சொல்லுங்கள்.